முறையீடும் ஓர் ஒழுங்கே

கல்லூரியில் சேரும்போது விதிகளுக்குக் கட்டுப்படுவதாகப் பிள்ளைகள் கையொப்பமிடுகின்றனர். விதி நிர்வாகத்தையும் கட்டுப்படுத்தும் என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. இடையில் விலகும் மகளிடம், படிக்கப்போகாத ஆண்டுகளுக்கும் கட்டணம் செலுத்தினால்தான் அசல் சான்றிதழ் கிடைக்கும் என்றால், திகைத்து நிற்கிறோம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இது முறையிடத்தக்க குறையாகும். மாணவர் குறைதீர்க்கும் குழு, கூடுமானவரை 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டும். முடிவு நிறைவளிக்கவில்லையெனில், அது கிடைத்த 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பொய்ப்புகார் அளிப்போர்மீது நடவடிக்கைக்கும் இடமுண்டு.

தீர விசாரித்தறியாமல் முடிவெடுக்கலாகாது என்பது திருமறை (49:6) கற்பிக்கும் நெறி. ஆகவே பெற்றோர்களே! புகாரைத் தேதியிட்டு எழுத்தில் கொடுங்கள். நகலைப் பாதுகாத்து வையுங்கள். உண்மையை மட்டுமே சொல்லுங்கள். உரிமையைக் கேட்பது அடக்கமின்மை அன்று.