ஜோடிக்கு இத்தனை காசு! உலகத்துக்கே ஷூ மெஷின் கொடுத்த லெஸ்டர் கம்பெனியின் கதை

காலை நேரத்தில் ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களின் பஸ் நிறுத்தங்களைப் பார்த்தால் ஊரே எங்கோ கல்யாணத்துக்குக் கிளம்பியது போலிருக்கும். தலை நிறையப் பூவும் கையில் டிபன் பாக்ஸ் பையுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். கம்பெனி பஸ் வந்ததும் ஏறிப் போவார்கள். இங்கே ‘கம்பெனி’ என்றால் ஷூ கம்பெனிதான், வேறு விளக்கம் தேவையில்லை.

உள்ளே போனால் ஒரு தனி பாஷை. தோலை வெட்டும் இடம் கிளிக்கிங். ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது ஸ்கைவிங். காலின் மேல்பக்கத்தை மூடும் பகுதி அப்பர். அதைக் கால் வடிவ அச்சின் மேல் இழுத்துப் போர்த்துவது லாஸ்டிங். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அக்காகூட இந்த வார்த்தைகளைச் சரளமாகச் சொல்வார். எல்லாமே இங்கிலாந்து, அமெரிக்க செருப்புத் தொழிலாளர்களின் வாயில் பிறந்தவை. கத்தியால் கையாலேயே தோல் வெட்டிய காலத்தில் எழுந்த ‘கிளிக்’ சத்தத்திலிருந்துதான் கிளிக்கிங் என்ற பெயர் வந்தது என்பார்கள்.

இந்த வேலைகளைக் கையிலிருந்து மெஷினுக்கு மாற்றியதில் ஒரு கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் இருந்த ‘பிரிட்டிஷ் யுனைடெட் ஷூ மெஷினரி’. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகிலேயே பெரிய ஷூ மெஷின் தயாரிப்பாளர்களில் ஒன்று. 50-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அதன் மெஷின்கள் போயின.

கதை தொடங்குவது லெஸ்டரில் இல்லை, அமெரிக்காவின் லின் நகரத்தில். தைக்க மெஷின் வந்துவிட்டது, ஆனால் லாஸ்டிங் மட்டும் கைவேலையாகவே இருந்தது. அப்பரை அச்சின் மேல் இழுத்து, விரல் நுனியில் சுருக்கம் எடுத்து, ஆணி வைத்து நிறுத்த வேண்டும். இதை எந்த மெஷினும் செய்ய முடியாது என்று சவால் விட்டார்கள் லாஸ்டிங் தொழிலாளர்கள். கை தேர்ந்தவர் நாளெல்லாம் உழைத்தால் சுமார் 50 ஜோடி.

அந்தச் சவாலை முறித்தவர் யான் மாட்ஸெலிகர். தென் அமெரிக்காவின் சுரினாமிலிருந்து பிழைக்க வந்த கறுப்பின இளைஞர். பகலில் ஷூ ஃபேக்டரி வேலை. ராத்திரியில் பழைய இரும்பையும் சுருட்டுப் பெட்டிப் பலகையையும் வைத்து மாதிரி செய்து பார்ப்பார். 1883 மார்ச் 20-ல் காப்புரிமை கிடைத்தது. அவருடைய வரைபடம் அவ்வளவு சிக்கலாக இருந்ததால், காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து மெஷின் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். மெஷினில் ஒரே நாளில் 150 ஜோடியில் ஆரம்பித்து 700 ஜோடி வரை போனது. பலன் முழுவதையும் அனுபவிக்க அவர் இல்லை. காசநோயில் 1889-ல் இறந்தபோது வயது 36.

1899-ல் அமெரிக்காவின் பெரிய ஷூ மெஷின் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து ‘யுனைடெட் ஷூ மெஷினரி’ ஆயின. மாட்ஸெலிகரின் லாஸ்டிங் மெஷினும் அந்தக் குடையின் கீழ் வந்தது. அதே ஆண்டில் லெஸ்டரில் இருந்த ‘பியர்சன் அண்ட் பெனியன்’ என்ற நிறுவனத்தோடு கைகோத்து பிரிட்டிஷ் கம்பெனி பிறந்தது.

விற்க மாட்டோம், வாடகைதான்!

இவர்களுடைய வியாபாரத் தந்திரம் இன்றைக்கும் ஆச்சரியம். முக்கியமான மெஷின்களை விற்கவே மாட்டார்கள். வாடகைக்கு மட்டும் தருவார்கள். பல மெஷின்களுக்குத் தைத்த ஜோடிக்கு இத்தனை காசு என்று கணக்கு. நம் வீட்டு கரன்ட் மீட்டர் மாதிரிதான்: ஓடினால் காசு. பழுது பார்ப்பதும் கம்பெனி ஆட்களே.

சின்ன முதலாளிக்கு இதில் லாபமும் இருந்தது. கையில் பெரிய பணம் இல்லாமலே ஃபேக்டரி தொடங்கலாம். ஆனால் ஒரு மெஷினை எடுத்தால் அடுத்ததையும் இவர்களிடமே எடுக்க வேண்டும், போட்டிக்காரரின் மெஷினைத் தொடக் கூடாது என்று நிபந்தனைகள் போட்டார்கள். பிரிட்டனில் கோபம் கிளம்பியது. 1907-ல் வந்த காப்புரிமைச் சட்டம் இப்படிக் கட்டிப்போடும் ஒப்பந்தங்களுக்குக் கடிவாளம் போட்டது. அமெரிக்காவில் தாய்க் கம்பெனி மீது அரசே வழக்கு போட்டது. சந்தையில் 75 சதவிகிதத்துக்கு மேல் இவர்கள் கையில் இருப்பதாகச் சொன்ன நீதிமன்றம், வாடகைக்கு விடும் மெஷினை விலைக்கும் கொடுக்க வேண்டும் என்று 1953-ல் உத்தரவிட்டது.

ஆனாலும் லெஸ்டர் கம்பெனியின் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது. 1960 வரையிலான சுமார் 60 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 800 புதிய, மேம்படுத்தப்பட்ட மெஷின்கள்; 9,000-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள். 1960, 70-களில் லெஸ்டரில் மட்டும் 4,500 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். அப்பா, மகன், பேரன் என்று ஒரே கேட் வழியாகப் போன குடும்பங்கள் உண்டு. கம்பெனியை வளர்த்த சார்லஸ் பெனியன், 1928-ல் நகரத்துக்கு அருகிலுள்ள பிராட்கேட் பூங்காவை வாங்கி மக்களுக்கே கொடுத்துவிட்டார். இன்றும் மான்கள் திரியும் அந்தப் பூங்காவில் குடும்பங்கள் கட்டுச்சோறோடு வந்து உட்காருகின்றன.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதைக்கும் பழைய உறவு உண்டு. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் மதராஸ் துறைமுகத்திலிருந்து லண்டன் ஏலத்துக்குப் போனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைக்கு பூட்ஸ் செய்ய இந்தத் தோல் தேவைப்பட்டதால், அரசே அதன் வியாபாரத்தைக் கட்டுப்பாட்டில் எடுத்தது. தோல் இங்கே, மெஷினும் ஷூவும் லாபமும் அங்கே. அந்த நிலை மாறத் தொடங்கியது 1970-களில். சீதாராமையா கமிட்டியின் பரிந்துரைக்குப் பிறகு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்ட தோலுக்கும் வரம்பு வைத்தது மத்திய அரசு. இனி அப்பராகவோ ஷூவாகவோ அனுப்பினால்தான் காசு. ஆம்பூரில் டேனரிகளுக்குப் பக்கத்தில் ஷூ கம்பெனிகள் முளைத்தன.

இங்கே ஷெட்டுகள் எழுந்த காலத்தில் அங்கே ஷட்டர்கள் இறங்கின. இத்தாலியிலிருந்தும் பிறகு ஆசியாவிலிருந்தும் ஷூ வந்து குவிய, பிரிட்டனின் ஷூ ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. வாடகைக்கு மெஷின் எடுக்க ஆள் இல்லை. இத்தாலிய மெஷின்களின் போட்டி வேறு. தாய்க் கம்பெனி 1976-ல் கைமாறியது. லெஸ்டர் கம்பெனியும் பின்னர் முதலீட்டாளர்கள் கைக்குப் போனது. 2000 அக்டோபரில் திவாலானது.

பென்ஷன் எங்கே?

வேலை போனதைவிடப் பெரிய அடி அடுத்து விழுந்தது. தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய பென்ஷன் நிதி, கம்பெனியோடு இணைந்த அறக்கட்டளையிடம் இருந்தது. கம்பெனி விழுந்தபோது அந்த நிதியில் எல்லோருக்கும் கொடுக்கப் பணம் போதவில்லை. அன்றைய சட்டப்படி ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கு முதல் உரிமை. அவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் மற்றவர்களுக்கு. 30 வருடம் கட்டிவிட்டு ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தவரும் அந்த ‘மற்றவர்கள்’ வரிசையில்தான் நின்றார். இப்படி 500-க்கும் மேற்பட்டோர் ஏமாந்தார்கள்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. இதே கதிக்கு ஆளான வேறு கம்பெனித் தொழிலாளர்களும் சேர, விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போனது. 2004-ல் வந்த பென்ஷன் சட்டம் இவர்களுக்கென ஓர் உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் அதில் கிடைத்தது அற்பம். சேர்த்த பென்ஷனில் 90 சதவிகிதம் என்ற அளவுக்கு அரசு இறங்கி வந்தது 2007 டிசம்பரில். அதற்கும் உச்சவரம்பு உண்டு. கம்பெனி மூடி ஏழு வருடம் கழித்து!

இந்தியாவில் பெரும்பாலான தனியார் கம்பெனிகளின் பி.எஃப். பணம் கம்பெனியிடம் தங்காமல் அரசின் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. கம்பெனி மூடினாலும் கட்டிய பணம் அங்கே இருக்கும். ஆனால் சம்பளத்தில் பிடித்ததைக் கட்டாமல் விட்டால்தான் சிக்கல். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. கட்டினார்களா என்று யு.ஏ.என். எண்ணை வைத்து போனிலேயே பாஸ்புக் பார்க்கலாம். ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்கு மாறும் பெண்கள், பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்தாகிவிட்டதா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

லெஸ்டரில் அந்தக் கம்பெனி இருந்த பெல்கிரேவ் ரோடு பக்கம் இன்று போனால் நகைக்கடைகளும் புடவைக்கடைகளும் ஸ்வீட் ஸ்டால்களும்தான். தீபாவளிக்கு அந்தத் தெரு முழுக்க விளக்கு போடுகிறார்கள்.