நத்தைக்குக் கண் எங்கே?

பழங்காநத்தம் என்ற ஊர்ப்பெயரில் உள்ள 'நத்தம்' என்றால் குடியிருப்பு நிலம். நத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் மழை ஓய்ந்த மறுநாள் காலை, அங்கே ஈரச் சுவரோரம் பார்த்தால் நத்தை ஊர்வதைக் காணலாம்.

அதன் தலையில் நான்கு கொம்புகள். மேலே உள்ள நீண்ட இரண்டின் நுனியில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். அவைதான் கண்கள். லேசாகத் தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்படிக் கொம்பு நுனியில் கண் இருப்பவற்றை 'ஸ்டைலோமட்டோபோரா' என்ற வரிசையில் சேர்க்கிறார்கள். நம் மண்ணின் கிரிப்டோசோனா நத்தையும், 1847-ல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று தோட்டங்களைத் தின்னும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையும் இந்த வரிசைதான்.

ஓட்டின் விளிம்பை ஒட்டி ஒரு சிறு துளை திறந்து மூடும். அதன் வழியே காற்று நுரையீரலுக்குப் போகும். செவுள் கிடையாது.

வயல் நத்தைக்கோ செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு, வாசலை அடைக்க மூடியும் உண்டு. அதனால் அது வேறு குடும்பம்.

நுரையீரல் நத்தைகள் எல்லாவற்றையும் 'பல்மொனேட்டா' என்று ஒரே பிரிவாக முன்பு வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வு வந்தபின், சில கடல் நத்தைகளும் அவற்றுக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்து, அந்த எல்லைக்கோடு மாறிவிட்டது.

அடுத்த மழைக்கு, கொம்பின் நுனியைக் கவனியுங்கள்!