லண்டன் கோர்ட்டில் நம்ம நடராஜர்!

விவேக்-ரூபலாவும் பரத்-சுசீலாவும் துப்பறியும் மாத நாவல்களைப் படிக்காதவர் நம் ஹாஸ்டலில் உண்டா? கைரேகை, துப்பாக்கி, கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி! ஆனால் சிற்பக் கலை தெரிந்த ஒருவர் துப்புத் துலக்கிய நிஜக் கதை ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அவர் தமிழ்நாடு தொல்லியல் துறையின் முதல் இயக்குநர் டாக்டர் இரா. நாகசாமி.

1976-ல், அன்றைய தஞ்சை மாவட்டம் பத்தூரில், மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவருக்குச் சிலைகள் கிடைத்தன. அதில் நடராஜர் மட்டும் கைமாறிக் கைமாறி லண்டனுக்கே போய்விட்டார். 1982-ல் பம்பர் என்ற கனடா கம்பெனி அவரை வாங்கியது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்ற, கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 'இது பத்தூர் சிலைதான் என்பதற்கு என்ன ஆதாரம்?' இதுதான் கேள்வி.

இங்கேதான் நம்ம பாடம் வருது. பவுண்டரி ஷாப்பில் ஒரே பேட்டர்னை வைத்து நூறு வார்ப்பு எடுக்கிறோம். ஐம்பொன் சிலை அப்படியில்லை. மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, காயவிட்டு, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைக்க வேண்டும். மெழுகும் போச்சு, அச்சும் போச்சு! அதனால் ஒரு சிலை மாதிரி அச்சு அசலாக இன்னொன்று வராது. ஆனால் ஒரே காலத்து, ஒரே பட்டறைச் சிலைகளுக்கு அண்ணன் தம்பி சாயல் இருக்கும். பத்தூரில் மீட்கப்பட்ட மற்ற சிலைகளோடு நாகசாமி ஒப்பிட்டது இந்தச் சாயலைத்தான். எதிர்த்தரப்பும் நிபுணர்களை இறக்கியது. உலோகம், ஒட்டியிருந்த மண், கரையான் தடம் எல்லாம் ஆராயப்பட்டன. கரையானும் சாட்சி! (எந்த நாவலாசிரியருக்கு இது தோன்றும்?)

1988-ல் தீர்ப்பு கோயில் பக்கம். 1991-ல் அப்பீலும் தள்ளுபடி. அதே ஆண்டு நடராஜர் ஊர் திரும்பினார்.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதையில் துப்பு வேறு. 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கிய அந்தச் சிலையைக் காட்டிக்கொடுத்தது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய போட்டோ. 2014-ல் திரும்பி வந்தது.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஏன்யா, நம்ம கோயில் சாமிக்குப் போட்டோ இருக்கா?" என்று கேட்டார்கள். விசாரித்தேன், இல்லை. முன்பக்கம், பின்பக்கம், பீடம், பக்கத்தில் ஒரு ஸ்கேல். செல்போன் கேமராவே போதும். பொங்கல் லீவில் எடுக்கப் பூசாரியிடம் கேட்டிருக்கிறேன்.