சுருள்வில்லில் இமைக்கும் கண்கள்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் பட்டறைகளில் பிறந்த இசைப் பொம்மைக்குச் சாவி கொடுத்தால் தலை திரும்பும், விசிறி அசையும், இமை தாழும். அடிப்பெட்டியில் பாட்டும் ஒலிக்கும். மின்சாரம் இல்லாமல் இது எப்படி?

ஒரே சுருள்வில்தான். அது அவிழும்போது, விளிம்பில் மேடு பள்ளம் செதுக்கிய வட்டத் தட்டுகள் சுழல்கின்றன. ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு நெம்புகோல் ஊர்ந்து, உடலுக்குள் ஓடும் கம்பியை இழுக்கிறது. விளிம்பின் சரிவு மென்மையானால் இமை நாணத்தோடு தாழும். செங்குத்தானால் வெடுக்கென மூடும். பொம்மையின் சுபாவமே அந்த விளிம்பைச் செதுக்க அரம் பிடித்த கையில் இருக்கிறது! எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

இசைக்கு முள் பதித்த பித்தளை உருளை. முட்கள் எஃகுச் சீப்பின் பற்களை மீட்டுகின்றன. நீளமான பல்லுக்குத் தாழ்ந்த சுரம். அதன் அடியில் ஈயம் ஒட்டினால் சுரம் மேலும் தாழும்.

அந்தப் பாரிஸ் பட்டறைகளில் ஒன்றான லியோபோல்ட் லாம்பேர் பட்டறையின் பொம்மைகள் பலவற்றுக்கு ழுமோ நிறுவனத்தின் பீங்கான் முகம். ஆடைகள் தைத்தவர் லாம்பேரின் மனைவி.

இத்தனையையும் இயக்கும் சுருள்வில் ஏன் நொடியில் அவிழ்ந்துவிடுவதில்லை? பற்சக்கர வரிசையின் கடைசியில் ஒரு குட்டிக் காற்றாடி. வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடி அந்த வேகத்தை அடக்குகிறது. காற்றாடி கழன்றால் உருளை தறிகெட்டு ஓடி, முட்கள் வளைந்து, சீப்பின் பற்கள் முறிந்துவிடும். பழைய பொம்மைக்குச் சாவி கொடுக்குமுன் பழுதுபார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்தக் காற்றாடியைத்தான்.