பாஸ் பெட்டியின் பாரம்

1969-இல் அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட் பாஸ் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தது. அதோடு சேர்ந்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு எஸ்.வி.டி.யைத்தான் கொண்டுபோனது. எட்டு ஸ்பீக்கர் கொண்ட அந்த வகைப் பெட்டி இன்றும் 60 கிலோவைத் தாண்டும். பலகையின் எடை மட்டுமல்ல அது. ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு காந்தம் இருக்கிறது.

பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கேட்க வைக்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கூம்பின் அடியில் ஒட்டிய கம்பிச்சுருள், அதாவது வாய்ஸ் காயில், காந்தத்தின் குறுகிய இடைவெளிக்குள் முன்னும் பின்னும் ஓடுகிறது. அதைத் தள்ளும் விசையை முடிவுசெய்பவை மூன்று: அந்த இடைவெளியில் உள்ள காந்தப்புலம், அதற்குள் இருக்கும் கம்பியின் நீளம், பாயும் மின்னோட்டம்.

முதலில் கோலோச்சியது அல்நிகோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த உலோகம். 1978-இல் ஆப்பிரிக்காவின் அன்றைய ஜயர் நாட்டில், ஷாபா மாகாணத்தின் கோபால்ட் சுரங்கப் பகுதியில் போர் மூண்டதும் கோபால்ட் விலை எகிறியது. ஸ்பீக்கர் தயாரிப்பாளர்கள் பலர் ஃபெரைட்டுக்குத் தாவினார்கள். அது இரும்பு ஆக்சைடும் ஸ்ட்ரான்ஷியமோ பேரியமோ சேர்த்துச் சுட்ட பீங்கான் போன்ற பொருள், மலிவானது, துருப்பிடிக்காது. ஆனால் வலு குறைவு என்பதால் அகலமான, கனத்த வளையமாகப் போட வேண்டியிருந்தது.

இங்கேதான் சுவையான சிக்கல். சுருளில் பாயும் மின்னோட்டமும் தன் பங்குக்கு ஒரு புலத்தை உண்டாக்கி, காந்தத்தின் புலத்தை ஆட்டிப் பார்க்கும். அல்நிகோ மின்சாரம் கடத்தும் உலோகம். அதற்குள் எழும் சுழல் மின்னோட்டம் அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவிடும். மின்சாரம் கடத்தாத ஃபெரைட்டால் அது முடியாது. அதனால் ஒலி பிசகியது. ஸ்பீக்கர் நிறுவனமான ஜே.பி.எல்.லின் பொறியாளர்கள் காந்த அமைப்பின் வடிவத்தை மாற்றி, நடுவே ஓர் அலுமினிய வளையத்தைச் செருகிப் பிசகைக் குறைத்தார்கள். ‘அல்நிகோ இனிமை’ என்று பேசப்படுவதில் ஒரு பகுதி உண்மைதான். ஆனால் அந்த வேலையை ஒரு சாதாரண வளையமும் செய்கிறது. ஒலியின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது கூம்பும் சுருளும் பெட்டியும்தான் என்பதே என் துணிபு. இரண்டு வெவ்வேறு ஸ்பீக்கர்களைக் கேட்டுவிட்டு வித்தியாசம் முழுவதையும் காந்தத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

எடையின் கதை வேறு. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் க்ரோட்டும் தனித்தனியே நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தை உருவாக்கினார்கள். அதே கன அளவில் ஃபெரைட்டைப் போல ஏறத்தாழ 10 மடங்கு ஆற்றல்! காந்தம் சுருங்கியது, சுற்றியிருந்த எஃகுத் தகடுகளும் சுருங்கின. இலேசான பலகையும் சேர்ந்தால், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட பெட்டி 12 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. மாடிப்படியில் பெட்டி தூக்கும் கலைஞரின் முதுகுக்கு இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை.

விலையாக வந்தது சூடு. ஸ்பீக்கருக்குள் போகும் மின்திறனில் பெரும்பகுதி ஒலியாவதில்லை, வெப்பமாகிறது. கனத்த ஃபெரைட் வளையம் சூடேற நேரமாகும். சூட்டில் அதன் புலம் தளர்ந்தாலும் ஆறியதும் மீண்டுவிடும். சாதாரண நியோடிமியம் காந்தமோ 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தன் வலுவில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கக்கூடும். ஆகவே டிஸ்ப்ரோசியம் என்ற தனிமம் சேர்த்த, சூடு தாங்கும் வகைகளும், வெப்பத்தை வெளியே கடத்தும் அலுமினியச் சட்டங்களும் தேவைப்படுகின்றன.

நியோடிமியம் நமக்கும் அந்நியமல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் அது இருக்கிறது. ஆனால் உலகச் சந்தை சீனாவின் கையில். 2010-இல் அந்நாடு ஏற்றுமதியைச் சுருக்கியதும் அடுத்த ஆண்டே நியோடிமியம் விலை பல மடங்கு ஏறியது. ஃபெரைட்டுக்கு அப்படி அரிய பொருள் எதுவும் வேண்டாம். பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தி வாசிப்பவர்கள் இன்றும் அதையே வாங்குகிறார்கள்.