தொட்டிக் கடலில் செம்படலம்

வீட்டு மீன்தொட்டிகளுள் பராமரிக்கக் கடினமானது முருகைத் தொட்டியாகும். மீன்களோடு உயிருள்ள முருகைகளும் அதில் வளர்கின்றன. கட்டாரில் பணிபுரியும் என் மாமா அத்தகைய தொட்டியொன்றை வைத்திருக்கிறார். கடந்த விடுமுறையில் அங்கு தங்கியிருந்தபோது, அதில் பாசி பெருகியதையும் அது கட்டுப்பட்டதையும் அருகிருந்து கண்டேன். அதனால் அறிந்தவற்றை இங்கு தருகிறேன்.

முதலில் எதிரியை இனங்காண வேண்டும். பச்சை மயிர்போலக் கற்களில் ஊன்றி வளர்வது அல்கா. செந்நிறப் போர்வையாய் மணல்மீது படர்ந்து, குழாயால் உறிஞ்சினால் தாள்தாளாகக் கழன்று வருவது சயனோபக்றீரியா. பாசிபோலத் தோன்றினாலும் அது பக்றீரியாவே. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் வளியில் ஒட்சிசன் சேரக் காரணமானவை இவற்றின் மூதாதையரே. ஆனால் தொட்டிக்குள் இதே இனம் முருகையை மூடி ஒளியை மறைக்கிறது. முருகையின் இழையத்துள் வாழும் நுண் அல்காக்கள் ஒளியைக் கொண்டே அதற்கு உணவளிக்கின்றன. ஒளி இன்றேல் முருகை பட்டினியால் மடியும்.

இவ்விரண்டையும் கொழுக்க வைப்பவை நைத்திரேற்றும் பொசுபேற்றும். மீன்களின் கழிவு, மிஞ்சிய உணவு, குழாய்நீர் ஆகியவற்றிலிருந்து அவை சேர்கின்றன. மாமா சோதித்தபோது ஒரு லீற்றர் நீரில் 0.3 மில்லிகிராம் பொசுபேற்று இருந்தது. அது 0.1 ஐத் தாண்டாதிருப்பது நல்லது.

"மருந்தொன்றை ஊற்றினால் ஒரே நாளில் போய்விடுமே" என்றார் மாமி. மாமா இணங்கவில்லை. எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி செம்படலத்தை அழிக்கும். மீன்கழிவின் அமோனியாவை மாற்றும் நல்ல பக்றீரியாக்களையும் பாதிக்கலாம். காரணம் அப்படியே இருப்பதால் படலம் மீண்டும் வரும்.

அவர் செய்தவை இவைதாம்: மீன்கள் இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே உணவிட்டார். உறைந்த இறாலைக் கரைத்த நீரைத் தொட்டியில் ஊற்றாமல் வெளியே கொட்டினார். வாரந்தோறும் படலத்தை உறிஞ்சி எடுத்து, பத்திலொரு பங்கு நீரை மாற்றினார். புதுநீருக்கு ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரையே பயன்படுத்தினார். நீர் தேங்கிய மூலைகளை நோக்கிப் பம்பியைத் திருப்பினார். விளக்கை எட்டு மணித்தியாலமாகக் குறைத்தார். அல்காவை மேய நத்தைகளை விட்டார். எனினும் பொசுபேற்றை முற்றாக நீக்கவில்லை. முருகைக்கும் அது சிறிதளவு தேவை.

ஆறு வாரங்களில் மணல் வெண்மையானது. ஒரு முருகை மட்டும் பிழைக்கவில்லை.

கடலிலும் கதை இதுவே. 1983 இல் கரீபியன் கடலில் பாசி மேயும் கடல் முள்ளெலிகள் நோயால் கூட்டங்கூட்டமாய் இறந்தன. மேயும் மீன்களையோ மனிதர் முன்பே பிடித்துத் தீர்த்திருந்தனர். ஜமெய்க்காவின் முருகைக்கற்பாறைகளைப் பாசி மூடிக்கொண்டது. தொட்டிக்கு நீர் மாற்ற மாமா இருந்தார். வயலின் பசளையும் வீட்டின் கழிவுநீரும் சென்று சேரும் நம் கடலுக்கோ நீர் மாற்ற எவருமில்லை. அங்கே சேர்வதைக் குறைப்பது மட்டுமே நம்மால் இயலும்.