பகிரப்படும் கதையும் விதையே

விதைப்பவர், காணாமற்போன ஆடு, ஊதாரி மைந்தன் எனக் கதைகளாலேயே இறையாட்சியை விளக்கினார் நம் ஆண்டவர்.

தமிழின் முதல் நாவலைத் தந்தவரும் ஒரு கத்தோலிக்கரே. மாயவரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை, நல்லொழுக்கத்தைச் சுவையுடன் புகட்ட விரும்பி, 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலை வெளியிட்டார். நாவல்களும் கவிதைகளும் மனித உள்ளத்தைப் பண்படுத்துவதை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17ஆம் நாளிட்ட மடலில் எடுத்துரைத்தார்.

பதுளை நகரிலிருந்து தொலைவில், பசறை, நமுனுகுலைத் தோட்டங்களில் வாழ்வோர் நூல்களுக்கு எங்கே செல்வது? வேதநாயகரின் நாவலை, 1998இல் தொடங்கிய மதுரை மின்தொகுப்புத் திட்டம் கட்டணமின்றி வழங்குகிறது. ஈழத்து நூல்கள் பலவற்றை 2005 முதல் நூலகம் இணையத்தளம் சேர்த்து வருகிறது. ஒருமுறை கைத்தொலைபேசியில் இறக்கிக்கொண்டால், இணைய இணைப்பு எட்டாத மலைச்சரிவிலும் வாசிக்கலாம். இரவல் கொடுத்தாலும் குறையாத நூல் இது!

ஆயினும், கொழுந்து பறித்துக் களைத்து வரும் தாய்க்கும், எழுத்தறியாத பாட்டிக்கும் அந்தச் சின்னத் திரை பேசாது. பிள்ளையின் குரலே பேசும். இரவுச் செபமாலை முடிந்ததும், பிள்ளைகள் ஓர் அதிகாரத்தை உரக்க வாசிக்கட்டும். மறுநாள் அக்கதை அடுத்த லயத்திற்கும் செல்லட்டும். விளையச் செய்பவர் இறைவன். விதைப்பது நம் கடமை.